இரைச்சலுக்கு 5 மதிப்பெண்

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு பையன் தொலைபேசியில் அழைத்தான். பையன் என்றால் முப்பத்தைந்து வயதிருக்கும். குரலில் தயக்கம்.

"மணப்பாறை ஐயாதானே? அப்பாவுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. அவர் நோட்டுகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தேதி போட்டு, தினம் ஐந்து இலக்கத்தில் ஒரு நம்பர் எழுதி வைத்திருக்கிறார். 43232 என்று ஒரு நாள், 44544 என்று ஒரு நாள். வருடக்கணக்கில் இருக்கிறது." சற்று நிறுத்தினான். "நம்பர் லாட்டரி ஏதும் விளையாடினாரா ஐயா? யாருக்காவது பணம் தர வேண்டியிருந்தால் சொல்லிவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் மணப்பாறை என்று போட்டு உங்கள் எண் மட்டும்தான் இருக்கிறது."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவன் சொன்ன முதல் செய்தி அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நண்பர் இறந்துபோய் மூன்று வாரம் ஆகியிருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆளாக என்னை அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்?

பதினான்கு மாதத்தில் இது மூன்றாவது. போன வருடம் ஆடியில் வேதாரண்யம், இந்த வருடம் பங்குனியில் போடி, புரட்டாசியில் சங்கரன்கோவில். ஊர்ப்பெயராகவே எழுதுகிறேன். எங்களுக்குள் அப்படித்தான் பழக்கம். வானொலியில் நேயர் கடிதம் வாசிக்கும்போது ஊரைச் சொல்லித்தான் பெயரைச் சொல்வார்கள். நாளடைவில் பெயர் உதிர்ந்து ஊர் மட்டும் நின்றுவிட்டது. கடித உறை மேல் எழுதும்போதுதான் பெயர் தேவைப்படும்.

எங்களை இணைத்தது சிற்றலை, அதாவது ஷார்ட் வேவ் வானொலி. சிற்றலை இன்னும் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கீழே இறங்குவதால் அந்த அலைக்கு மலையும் கடலும் ஒரு பொருட்டில்லை. மணிலாவிலிருந்து வெரித்தாஸ், லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை, மாஸ்கோ, கொழும்பு என்று திசைக்கொரு தமிழ் வந்துகொண்டிருந்தது. பெய்ஜிங்கில் சீனர்களே தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு தமிழ் பேசினார்கள். 1963இல் தொடங்கிய சேவை அது. தமிழில் வந்ததோடு நாங்கள் நிற்கவில்லை. புரியாத மொழியென்றால் இன்னும் உற்சாகமாகக் கேட்டோம்.

கேட்டால் மட்டும் போதாது, எழுதிப் போட வேண்டும். என்ன தேதி, எந்த அலைவரிசை, உலக நேரப்படி எத்தனை மணி, என்ன கேட்டது, எப்படிக் கேட்டது. உலக நேரத்துக்கு நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்துக்கொள்ள வேண்டும். 'எப்படி' என்பதற்குத்தான் அந்த ஐந்து இலக்கம். முதலாவது ஒலியின் வலு. இரண்டாவது அக்கம்பக்கத்து நிலையங்களின் குறுக்கீடு. மூன்றாவது, மின்னலும் மின்சாரக் கருவிகளும் கிளப்புகிற இரைச்சல். நான்காவது அலை ஏறி இறங்குவது. ஐந்தாவது, மொத்தத்தில் எப்படி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 5 என்றால் குறையில்லை. ஆகவே இரைச்சலுக்கு 5 போட்டால் இரைச்சலே இல்லை என்று பொருள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். முதல் மூன்று மாதம் நானும் தலைகீழாகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

நிலையத்தில் அதைத் தங்கள் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் ஒரு வண்ண அட்டை வரும். கியூஎஸ்எல் அட்டை என்று பெயர். தந்திக் காலத்துக் குறியெழுத்து, 'கிடைத்தது என்று ஒப்புக்கொள்கிறேன்' என்று அர்த்தம். 'நிகழ்ச்சி மிக அருமை, அறிவிப்பாளரின் குரல் தேன்' என்று நாலு பக்கம் எழுதினாலும் அட்டை வராது. 14.12க்குப் பெண் குரலில் வானிலை, 14.15க்குப் புல்லாங்குழல், 14.19க்கு ஒலி மங்கிவிட்டதால் பாடியவர் பெயர் பிடிபடவில்லை என்று எழுதினால் வரும். காதில் விழாததை விழவில்லை என்று எழுதுவதும் அறிக்கையில் சேர்த்திதான்.

இவ்வளவு நீட்டி முழக்குவதற்குக் காரணம் இருக்கிறது. போடிக்காரர் இறந்தபோது அவர் தெருமுனையில் வைத்த பதாகையைப் படமெடுத்து ஒருவர் அனுப்பியிருந்தார். 'இமயம் சரிந்தது' என்று போட்டிருந்தது. மனிதர் ஐந்தடி நாலங்குலம். வாழ்நாளில் பாதியை முக்காலியில் குனிந்து உட்கார்ந்து ஈயம் பற்றவைக்கும் கோலோடு கழித்தவர். அவரிடம் இமயம் எங்கே இருந்தது? எங்கள் தெருவில் போன மாதம் காலமான வட்டிக்கடைக்காரருக்கும் இதே இமயம்தான் சரிந்தது. கைப்பேசியைத் திறந்தால் குத்துவிளக்குப் படத்தோடு 'ஈடு செய்ய முடியாத இழப்பு' வரிசையாக வந்து விழுகிறது. யாருக்கும் பொருந்துகிற வாசகம் யாரைப் பற்றியும் இல்லை. எங்கள் கணக்கில் இதற்கெல்லாம் அட்டை கிடையாது. நான் காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்ததையும் மட்டும் எழுதப் பார்க்கிறேன்.

போடிக்காரர் ரேடியோ மெக்கானிக். வால்வு செட் காலத்தில் தொழிலுக்கு வந்தவர். வயதில் எனக்குப் பதினைந்து வருடம் மூத்தவர். ஆனாலும் கடிதத்தில் எல்லோரையும் 'நீர்' என்றுதான் எழுதுவார். எங்கள் வட்டத்தில் யாருக்கும் அவரைக் கண்டால் கொஞ்சம் பயம்.

1986இல் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தென் அமெரிக்க நிலையம் ஒன்றை விடியற்காலையில் பிடித்துவிட்டதாக அவர் சுற்றுமடல் அனுப்பியிருந்தார். அந்தப் பக்கத்து நிலையம் எங்களில் யாருக்கும் அதுவரை சிக்கியதில்லை. நானும் நாலு நாள் அலாரம் வைத்து எழுந்து உட்கார்ந்தேன். விசில் சத்தம் தவிர ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் ஒரு காரியம் செய்தேன். அவர் எழுதியிருந்த விவரத்தையே எடுத்து, நிமிடத்தை இரண்டு இடத்தில் முன்பின் தள்ளி, மதிப்பெண்ணைக் கொஞ்சம் குறைத்து, நான் கேட்டதாக எழுதி விமானத் தபாலில் அனுப்பிவிட்டேன். நாலு மாதம் கழித்து அட்டை வந்தது. பனை மரம் போல ஏதோ ஒரு மரம், பின்னால் மலை. தலைகால் புரியாமல், என் அறிக்கையின் நகலோடு அந்தச் செய்தியை வட்டத்தில் சுற்றுக்கு விட்டேன்.

போடியிலிருந்து 15 காசு அஞ்சலட்டை வந்தது. பச்சை மை. நலம் விசாரிப்பு கிடையாது.

"00.41க்குப் பாடியது ஆண் என்று நான் எழுதியது பிழை. பிறகு ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டதில் பெண் குரல் என்று தெரிந்தது. நீரும் ஆண் என்றே எழுதியிருக்கிறீர். அட்டையைப் பெட்டியில் வைத்துக்கொள்ளும். ஆல்பத்தில் வைக்க வேண்டாம்."

அவ்வளவுதான். வட்டத்தில் வேறு யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து பஸ் பார்சலில் ஒரு மரப்பெட்டி வந்தது. திறந்தால் பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் நெருக்கமாகச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள், பழைய செட்டிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சர், ஏரியலைப் பூட்டுவதற்கு ஒரு திருகு. விசிலைக் கழித்துவிட்டு நிலையத்தை மட்டும் உள்ளே விடுகிற அமைப்பு. விலை என்ன என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை. பிறகு அவர் சாகிற வரை நாங்கள் இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அந்த அட்டை இன்றைக்கும் பெட்டியில்தான் இருக்கிறது.

அவரை நேரில் பார்த்தது ஒரே ஒருமுறை. மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் வண்டி ஓடிய காலம். ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். கடிதத்தில் அப்படி வெட்டுகிற மனிதர், நேரில் வாயே திறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். வண்டி திரும்பக் கிளம்புவதற்குள் என் செருப்பு வாரைப் பார்த்துவிட்டு, "பிய்ந்துவிடும், மாற்றிவிடும்" என்றார். அவர் என்னிடம் நேரில் பேசிய மிக நீண்ட வாக்கியம் அது. 2010 கடைசியில் அகலப் பாதைக்காக அந்த வண்டியை நிறுத்தினார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் பாதை கிடையாய்க் கிடந்து, 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடி ரயில் போனது. அன்றைக்கே எழுதியிருந்தார்: "இனி நீர் வர வண்டி இருக்கிறது." வண்டி இருந்தது. நான்தான் போகவில்லை. மூட்டு வலி, பேத்தியின் பள்ளிக்கூடம், அந்த மாதம், இந்த மாதம்.

வேதாரண்யத்துக்காரரை நான் பார்த்ததே இல்லை. உப்பளத்தில் கணக்கு எழுதினார். முப்பது வருடத்துக் கடிதங்களை அடுக்கினால் என் முழங்கால் உயரம் வரும். எங்கள் நட்பைப் பற்றிக் கேள்விப்பட்ட தமிழாசிரியர் ஒருவர் "கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும்" என்று உருகிவிட்டார். அதைப் பெருமையோடு எழுதிப் போட்டேன். "பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து நடந்தே வந்து சோழன் பக்கத்தில் வடக்கிருந்தார். நான் உம் மகள் கல்யாணத்துக்கு மொய்கூட மணியார்டரில்தானே அனுப்பினேன். வாத்தியாரைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லும்" என்று பதில் வந்தது.

அவர் வீட்டு ஏரியல் இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே கட்டிய செப்புக் கம்பி. கடலோரம் என்பதால் அதில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். உப்புத் தண்ணீரின் மேல் மத்திய அலை வெகுதூரம் வலுக்குறையாமல் போகும். நாங்களெல்லாம் இருட்டுவதற்குக் காத்திருக்க, அவர் நடுப்பகலிலேயே இலங்கையை உள்ளூர் நிலையம் போலக் கேட்பார். நஷ்டம் என்னவென்றால் உப்புக் காற்றில் கம்பியின் இணைப்புகள் பச்சையாகக் களிம்பேறிவிடும். மாதம் ஒருமுறை ஏணி போட்டு ஏறிப் புளி போட்டுத் தேய்ப்பார். குத்துவிளக்கு தேய்க்க வைத்த புளியை எடுத்துவிட்டார் என்று வீட்டில் சண்டை. அந்தச் சண்டையின் விவரமும் நிமிட வாரியாக எனக்கு வந்துவிடும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. தொலைபேசி இல்லை, மின்சாரம் இல்லை. இருபத்து மூன்று நாள் கழித்து அவர் அட்டை வந்தது. "வீட்டின் ஓடு போயிற்று. மரம் இரண்டும் போயின. கம்பி கிடைத்துவிட்டது." அதற்குக் கீழே ஒரு பட்டியல். புயலுக்கு மறுநாள் தொடங்கி ஒன்பது நாள், பேட்டரி செட்டில் எந்தெந்த நிலையம் கேட்டது என்று மதிப்பெண்ணோடு. கம்பியைச் சாய்ந்து கிடந்த மரத்தின் மேலேயே விரித்துப் போட்டிருக்கிறார். ஊர் முழுக்க மின்சாரம் இல்லாததால் மூன்றாம் இலக்கம் எல்லா வரியிலும் 5. ஓடு போன வீட்டில் ஒன்பது நாள் எங்கே படுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. அப்போது அதைப் படித்துச் சபாஷ் போட்டேன். இப்போது அந்த அட்டையை எடுத்தால் கோபம் வருகிறது. கேட்டு எழுதியிருக்க வேண்டியவன் நான். நான் கேட்டது, சாய்ந்த மரத்தின் மேல் கம்பியை எந்தத் திசையில் விரித்தீர் என்பது.

அவர் மாரடைப்பில் போனார். அவருடைய மருமகன் அட்டை எழுதியிருந்தார். வழக்கப்படி படித்ததும் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். சாவுச் சேதி வந்த கடிதத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். மற்றக் கடிதங்களோடுதான் வைத்திருக்கிறேன்.

நிலையங்கள் எங்களுக்கு முன்னாலேயே விடைபெறத் தொடங்கிவிட்டன. 1941இல் தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரலோடு வானொலியில் நின்றது. இரவு 9.15 என்றால் இப்போதும் என் கை தானாக அலமாரிப் பக்கம் போகிறது. வெரித்தாஸ் 2018 ஜூன் 30இல் சிற்றலையை விட்டது. ஒன்று சொல்ல வேண்டும், நிலையங்கள் இந்த விஷயத்தில் மனிதர்களைவிட முறையாக நடந்துகொண்டன. இன்ன தேதியோடு முடிகிறது என்று முன்கூட்டியே சொன்னார்கள், நேயர்களுக்கு நன்றி சொன்னார்கள். நாங்களும் விழித்திருந்து கடைசி நிமிடம் வரை கேட்டு மதிப்பெண் போட்டோம். 2024இல் சூரியன் தன் 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சத்தைத் தொட்டிருந்தது. சூரியப் புள்ளிகள் கூடினால் உயர் அலைவரிசைகள் பிரமாதமாகக் கேட்கும். போடிக்காரர் அப்போது எழுதினார்: "வானம் திறந்து கிடக்கிறது. பேசத்தான் ஒருவரும் இல்லை."

கார்த்திகை முதல் வாரத்தில் சங்கரன்கோவில் போனேன். மூட்டு வலி இருந்தது, பேத்திக்குப் பள்ளிக்கூடமும் இருந்தது. போடியில் செய்த பிழையை, மிகத் தாமதமாகவே ஆனாலும், இன்னொரு முறை செய்யக் கூடாது என்று மதுரையில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம். ஒரு வீடு விட்டு ஒரு வீடு விசைத்தறி. அவரும் கூலிக்குச் சேலை நெய்தவர். "இரைச்சல் 2, தறி மோட்டார்" என்று அவர் அறிக்கையில் நூற்றுக்கணக்கான முறை படித்திருக்கிறேன். அந்த 2 எப்படி இருக்கும் என்று அன்றுதான் காதால் கேட்டேன். நானாக இருந்தால் 1 போட்டிருப்பேன்.

திண்ணையில் தார் சுற்றும் ராட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பெயரைச் சொன்னேன். புரியவில்லை. பையன் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "மணப்பாறை, அம்மா" என்றான்.

"மணப்பாறை அண்ணாச்சியா? வாருங்கள், வாருங்கள்" என்று எழுந்தார். முகம் ஒரு கணம் மலர்ந்து, பிறகு உடைந்துவிட்டது.

நோட்டுகள் பன்னிரண்டு. தரையில் பாய் விரித்து அடுக்கி வைத்திருந்தார்கள். லாட்டரி இல்லை என்று தொலைபேசியிலேயே சொல்லியிருந்தேன், ஆனாலும் அந்த அம்மாவுக்கு முழு நம்பிக்கை வரவில்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு இலக்கமாக விரலை வைத்து விளக்கினேன். வலு, குறுக்கீடு, இரைச்சல். மூன்றாவதில் நின்றேன். "இங்கே 2 இருந்தால் அன்றைக்குத் தெருவில் தறி ஓடியிருக்கிறது. 5 இருந்தால் மின்சாரம் இல்லை."

அவர் நோட்டை வாங்கித் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அது 2012ஆம் வருடத்து நோட்டு. சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் பகலிலும் இரவிலுமாகப் பாதி நாள் மின்சாரம் இல்லாத வருடம். பக்கத்தைப் புரட்டப் புரட்ட 44544, 34543, 44544, 45544. எங்கள் வட்டத்தில் அந்த வருடம் மிக அதிகமான நிலையங்களைப் பிடித்தவர் சங்கரன்கோவில்தான். நாங்களெல்லாம் பாராட்டி எழுதினோம். போடிக்காரரே, அதிசயமாக, "நன்று" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தார்.

"கரண்ட் போனால் இவர் முகம் அப்படியே மலர்ந்துவிடும் அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா. "செட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடிவிடுவார். தறி நின்றால் கூலி ஏது? எனக்கு இங்கே வயிறு எரியும்." விரலால் ஒரு வரியைத் தொட்டார். புரட்டாசி மாதத்துத் தேதி. "இந்த வாரத்தில்தான் என் கம்மலைக் கொண்டுபோய் அடகு வைத்தார். திருப்பவே இல்லை." அந்த வரியில் 45545 என்று இருந்தது. ஐந்தாம் இலக்கத்துக்கு அவர் 5 போட்டு நான் பார்த்த ஒரே இடம் அது.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பாராட்டி எழுதியவர்களில் நானும் ஒருவன்.

"லாட்டரியே வாங்கியிருக்கலாம்" என்றார். பையன் சிரித்துவிட்டான். அவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார்: கணவர் இரவில் மாடியிலிருந்து இறங்கி வந்தால் அன்று கேட்டதையெல்லாம் இவரிடம் ஒப்பிக்காமல் படுக்க மாட்டாராம். எந்த நாட்டில் வெள்ளம், எங்கே தேர்தல், யார் பாடினார்கள். "நான் கண்ணை மூடிக்கொண்டு உம் கொட்டுவேன். பாதியில் தூங்கிவிடுவேன். அவர் பேசிக்கொண்டே இருப்பார்."

நோட்டுகளை என்ன செய்வது என்று பையன் கேட்டான். நான் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "2 போட்ட நாளெல்லாம் இங்கே இருக்கட்டும். அது நாங்கள் உழைத்துச் சாப்பிட்ட நாள். 5 போட்டதை நீங்கள் கொண்டுபோங்கள் அண்ணாச்சி."

"எல்லாம் ஒரே நோட்டில் கலந்து கிடக்கிறதே அம்மா" என்றான் பையன்.

கடைசியில் 2012ஐ மட்டும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, மேலே நாலு வாழைப்பழமும் வைத்துக் கொடுத்தார்.